பிரேயரில் மயங்கிய பிள்ளைகளும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. அவரை 'டீச்சர்' என்று மட்டும் அறிந்தவர்களே இந்த நினைவு மலரைப் பெறுவோரில் அதிகம். வீட்டில் அவரை அறிந்த தங்கையாக இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில். அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். அவர் நோயில் படுத்தபின், காலையில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. நன்றாக ஓடக்கூடிய அக்கா, பள்ளிப் போட்டி ஒன்றில் பாதி வழியில் சுருண்டு விழுந்தார். வெயில் என்றார்கள். வெறும் வயிறு என்பது எங்களுக்குத் தெரியும்.

பிறகு வேளச்சேரியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனார். அங்கே காலை உணவு சின்ன வகுப்புகளுக்கு மட்டும்தான். ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பவர்கள் மதியம் வரை பட்டினி. பிரேயரில் மயங்கிய ஒரு பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு அக்கா கேட்டார்:

"காலைல இன்னாம்மா சாப்ட்ட?"

"சிப்ஸ் மிஸ். அம்மா சீக்கிரமே வேலைக்குப் பூட்டாங்கோ."

மறுநாளே எங்கள் வீட்டில் பெரிய குக்கர் ஏறியது. கேழ்வரகுக் கஞ்சி, சுண்டல், காய் போட்ட கிச்சடி. தலைமையாசிரியர் தயங்கினார். "ஒரு புள்ளைக்கு ஒத்துக்கலைன்னா யார் டீச்சர் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

மாடி வீட்டு மும்தாஜ் கரண்டி பிடிக்க வந்தார். மெல்ல மெல்லத் தெருவே சேர்ந்துகொண்டது. மயங்கி விழுவது நின்றது.

அப்புறம் மழை வந்தது. ஏரியோரக் குடும்பங்களைப் பள்ளியில் தங்கவைத்தார்கள். பிள்ளைகள் பிஸ்கட்டிலேயே கிடந்தார்கள். தெருவில் முழங்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். சாக்கடையும் அதில்தான் கலந்திருந்தது. செத்த எலிகள் வாசல்வரை மிதந்து வந்தன. அக்காவின் குதிகாலில் வெடிப்பு இருந்தது.

"வேணாம் டீச்சர், தண்ணி நாறுது" என்று மும்தாஜ் கையைப் பிடித்தார்.

"வடியற வரைக்கும் புள்ளைங்க பசி தாங்குமா?" என்று பாத்திரத்தோடு அக்கா இறங்கினார். தினமும் இறங்கினார்.

தண்ணீர் வடிந்ததும் தப்பித்தோம் என்று நினைத்தோம். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் தொட்டாலே வலித்தது. கண்கள் சிவந்தன.

"நடந்த வலிடி. மாத்திரை போட்டா பூடும்."

கண்கள் மஞ்சளானபோதுதான் மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். டாக்டர் காலைப் பார்த்ததும் கேட்டார்: "வெள்ளத்துல நடந்தாங்களா?" ஆமாம் என்றேன். "எலிக்காய்ச்சல். கிட்னி வேலை செய்யல. முன்னாடியே வந்திருக்கணும்மா."

செயற்கைச் சுவாசக் குழாய் வைப்பதற்கு முன் அக்கா என்னைக் கேட்டார்: "இன்னிக்கு யாரு குடுத்தா?"

"மும்தாஜ்."

"சூடா குடுத்தாளா?"

அதுவே அவர் பேசிய கடைசி வார்த்தை.

கைவிடாமல் போராடிய மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், ரத்தம் கொடுத்த மாணவிகளின் பெற்றோருக்கும், அடுப்பை அணையவிடாத தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒரு வேண்டுகோள்: வெள்ளத்தில் நடந்தபின் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

இதை எழுதும்போது மறுபடி மழை. மும்தாஜ் பாத்திரத்தோடு பள்ளிக்குப் போயிருக்கிறார். நாங்கள் வாங்கித் தந்த ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறார். தண்ணீர் அதற்கும் மேலே நிற்கிறது.