கேனுக்கு ஒரு டிக்கெட்

சூலூர்பேட்டையில் பஸ் ஏறிய அந்த அம்மாவின் தலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். நெற்றியில் பெரிய பொட்டு, எவரையும் சட்டை செய்யாத பார்வை. கேனை என் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவர் நின்றுகொண்டார்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. கேனுக்கு டிக்கெட் எடும்மா," என்றார் கண்டக்டர்.

"நான் ஓசி, தண்ணிக்கு டிக்கெட்டா? நல்லா கீதுப்பா நாயம்!" என்றபடி ஊர்ப் பேரைச் சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

அவர் ஊர் கடலோரம், வேர்க்கடலைக்குப் பேர்போனது. "ஊர்ல கெணறு இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம இன்னா? எங்க நைனா தோண்டினது, தேனாட்டம் தண்ணி. அப்புறம் சுத்தி எறா குட்டை வெட்டி, கடல் தண்ணிய உள்ள வுட்டு ஊரையே முன்னேத்திட்டாங்க. இப்ப கொழம்புக்கு உப்பே போடறதில்ல."

பஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"குடிக்க ஒரு கேன் போதுமா?"

"குடிக்கறதுக்கு லாரி வருதுப்பா. இது கொல்லையில வேர்க்கல்லைக்கு. ஒரு பாத்தியாவது வெதைக்கு நிக்கணும்ல?"

அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் கிண்டல் இல்லை.

அவர் ஊர் வந்ததும் கண்டக்டரே கேனைத் தூக்கித் தலையில் வைத்தார். அந்த அம்மா இறால் குட்டைகளுக்கு நடுவே, வரப்பில் விறுவிறுவென்று நடந்து போனார். கடலோடு மல்லுக்கட்ட ஒரு கேன் தண்ணீரோடு போகிறவரை என்னவென்று சொல்வது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.