பெட்டி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற தொழிலில் ஒரு வசதி, எந்த வாடிக்கையாளரிடமும் "அடிக்கடி வாங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டில் உடம்பு கெடாமல் வைப்பார்களே, கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அதுதான் எங்கள் பிழைப்பு. ஈஜிபுராவில் ஒரு மினி வேன், இரண்டு பெட்டி, நான், எங்க ஆளு. எங்க ஆளு என்றால் என் வீட்டுக்காரர் தேவராஜ். போன மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

பாத்திரம், ஷாமியானா, நாற்காலி என்று எதையாவது வாடகைக்கு விட்டுவிட்டு நாயாய் அலைகிற சக பாவிகளே, உங்களுக்குப் பொருள் உடைந்து வரும் என்கிற கவலை. எனக்கோ பொருள் திரும்பி வருமா என்பதே கவலை. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்பார்கள். நான் மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு விற்றுப் பேரம் படித்தவள், ஒரு நிமிஷம் விடமாட்டேன். எங்க ஆளு அள்ளிக் கொடுத்துவிடுவார். அதனால் வேனில் ஏறினால் சண்டை, இறங்கினால் சண்டை.

எத்தனை ஸ்டார்?

ஜீவனஹள்ளியில் ஒரு வீடு. மாமியார் இறந்துவிட்டார், மாப்பிள்ளை பொறுப்பாக நிற்கிறார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். மோட்டாரில் காதை வைத்தார். "கூலிங் எப்படி? இது எத்தனை ஸ்டார்?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உள்ளே படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்றேன். செத்தவரின் தங்கச்சியே முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சாயந்தரம் பெட்டியை எடுக்கப் போனால், அதே மாப்பிள்ளை வாசலில் இரண்டு கையையும் விரித்து வழி மறிக்கிறார். "கரண்ட் எங்களுது, உனக்கு என்னம்மா நஷ்டம்?" என்று எகிறினார். நானும் எகிறினேன். கடைசியில் குரல் இறங்கி அவர் சொன்னது: "காலையிலதான் அத்தைகிட்ட சாம்பார்ல உப்பு கம்மின்னேன், அதுக்கு அவங்க இன்னும் பதில் சொல்லலை மேடம்."

துபாய் முந்தியது

ஒரு பெரியவருக்கு இரண்டு மகன்கள். சின்னவன் துபாயில், பெரியவன் இதே ஊரில், எலெக்ட்ரானிக் சிட்டியில். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் போயிற்று. பெரியவன் "இதோ டோல் தாண்டிட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து "இதோ பாலத்து மேல" என்றான். அப்புறமும் பாலத்து மேலதான். நான் வாட்சைத் தட்டிக் காட்டினேன். எங்க ஆளு, "அப்பா மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கட்டும் விடுடி" என்று அங்கேயே ஒரு காபி வாங்கிக் குடித்தார்.

துபாய்க்காரன் பிளேன் பிடித்து, டாக்சி பிடித்து, வந்து விழுந்து அழுது முடித்து, முகமும் கழுவிவிட்டான். அப்போதுதான் பெரியவன் கழுத்தில் கம்பெனி கார்டு தொங்க ஓடி வருகிறான். தம்பி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நீயும் துபாய்க்கே வந்துடுண்ணா, வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம்."

குளிர்

இன்னொரு வீட்டில் கணவரை உள்ளே வைத்து மூடியதும், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நேரம் கேட்கப் போகிறார் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: "அவருக்கு சைனஸ் இருக்கு, குளிரைக் கொஞ்சம் கம்மி பண்ணு கண்ணு."

பாதிக் கதை

எங்க ஆளுக்குக் கதை சொல்வதில் கஞ்சத்தனமே கிடையாது. ஒரு நிமிஷ விஷயத்துக்கு ஒரு ஃபில்டர் காபி, ஒரு மசால் வடை, இரண்டு கிளைக் கதை தேவைப்படும். "சுருக்கமா சொல்லுய்யா" என்று நான் கத்தாத நாள் இல்லை. அன்றைக்குக் காலையும் ஒன்றை ஆரம்பித்தார். நான் போகாத ஒரு வீடு, அங்கே அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா இறந்ததும் ஆளுக்கொரு பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் எங்களுக்கு, தம்பி எங்கள் போட்டிக்காரன் முனிராஜுவுக்கு. ஒரு பிணம், இரண்டு பெட்டி! கதையில் ஒரு நாய் வந்தது, வழுக்குகிற மாடிப்படி வந்தது, மாலையை மாற்றிக் கொடுத்த பூக்காரன் வந்தான். "அப்ப அந்தப் பெரியவரோட சம்சாரம் வெளிய வந்து ஒண்ணு சொன்னா பாரு... இரு, கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனார். குழாயடியிலேயே விழுந்துவிட்டார்.

எங்கள் பெட்டி இரண்டும் வெளியே போயிருந்தன. வேறு வழியில்லாமல் முனிராஜுவைக் கூப்பிட்டேன். அவன் பெட்டியோடு வந்து நின்றதும், பழக்க தோஷம், என் வாய் தானாக வாடகையைக் குறைக்கச் சொன்னது. முனிராஜு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "இன்னிக்கு ஒரு நாள் பேரம் பேடா அக்கா, வேண்டாம்."

மூன்று நாள்

எங்க ஆளோட அண்ணன், ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்றார். "மூணு நாள் வெச்சுக்கறேன் மாமா" என்றேன். மூன்று கேட்டால்தானே ஒன்றாவது கிடைக்கும். "பைத்தியமா உனக்கு, இன்னிக்கே" என்றார். ரெண்டு நாள் என்றேன். அவர் சாயந்தரம் என்றார். நான் எழுந்துபோய்ப் பெட்டியின் பிளக் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமாகப் பேரம் பேசியதில்லை, அழுதுகொண்டே பேசினால் விலை படியாது. மறுநாள் மதியம் என்று படிந்தது.

அவ்வளவு நேரமும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, "அப்புறம் அந்தம்மா என்னய்யா சொன்னா? மெதுவாவே சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா தன் சம்சாரத்திடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது: "உசுரோட இருந்தப்ப அவனைப் பேச விட்டாளா இவ?"

மீதி

மானம் தடுத்ததில், முனிராஜுவிடம் கேட்க எனக்கு மாதங்கள் ஆயின. மின்மயான வாசல் டீக்கடையில் ஒரு நாள் மடக்கிவிட்டேன். "அந்த ரெண்டு பெட்டி வீட்டுல அந்தம்மா என்னதான் சொன்னாங்க?"

"ஓ, அதுவா? 'ஒண்ணுல அவரைப் படுக்க வைங்க, இன்னொண்ணுல நான் படுத்துக்கறேன், ரெண்டு வாடகையும் வீணாப் போகாது'ன்னாங்க. ரெண்டு பசங்களும் அவங்க கால்ல விழுந்துட்டாங்க."

டீ புரையேறச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"அவ்வளவுதானா? நாய் எங்கேடா? மாடிப்படி? மாலையை மாத்திக் குடுத்த பூக்காரன்?"

"நாயா? அந்த வீட்டுக்கு மாடியே இல்லை அக்கா."

"இருந்துச்சு. வழுக்கும். நல்லா யோசிச்சுப் பாரு."

முனிராஜு யோசித்துப் பார்த்தான், பாவம், எனக்காக. அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "கதை அஷ்டே, அவ்வளவுதான் அக்கா, மீதியெல்லாம் தேவண்ணன் போட்டது."

யாராவது "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கேட்டால் இப்போதும் நான் எகிறிச் சண்டை போடத்தான் செய்கிறேன், போட்டுவிட்டு நேராக வேனில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர்களாகக் கூப்பிடுகிற வரைக்கும் இறங்குவதில்லை.