நாத்தனார் கொண்டுவந்த பொட்டலம்

உள் அறையில் பர்ரென்று டேப் கிழிபடும் சத்தம் கேட்டது.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. மறுபடியும் பர்ர். மறுபடியும். மகளின் பெட்டியில் டேப் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது?

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். மறுநாள் இளைஞர் மன்றத்தோடு வெளிநாட்டு முகாமுக்குக் கிளம்பப்போகும் மகள் ஒருத்தி. அவளை வழியனுப்ப வந்திருக்கும் அத்தை, அதாவது இவளுடைய நாத்தனார், இன்னொருத்தி.

ரெடிமேட் கம்பெனியில் இவளை 'எக்ஸ்ரே அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்து வெளியே போகும் பெண்களின் பைகளைத் திறந்து பார்த்து அனுப்புவது அவள் உத்தியோகம். கொண்டைக்குள் சுருட்டிய லேஸ், குடைக்குள் செருகிய துணி, டிபன் பாக்ஸின் அடித்தட்டில் பட்டன் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. "முறைச்சுக்கிட்டு வர்றவ பையில ஒண்ணும் இருக்காது. சிரிச்சுக்கிட்டு வர்றவ பையைத்தான் நல்லாப் பாக்கணும்" என்பாள். அந்தப் புத்தியைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அவளால் முடிந்ததே இல்லை. பஸ் ஓட்டும் கணவர், சட்டையைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டைத் தானே வெளியே இழுத்துக் காட்டி, "சோதனை முடிஞ்சுதா மேடம்?" என்று கும்பிடு போடுவார்.

இன்றைக்கு நாத்தனார் வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

போதாக்குறைக்கு, மன்றத்தின் பயணப் பொறுப்பாளர் போன வாரம் பெற்றோரைக் கூட்டிவைத்துச் சொன்னதெல்லாம் காதிலேயே நின்றது. "துணியை மடிக்காதீங்க, சுருட்டி வைங்க, இடம் மிச்சமாகும். ஒரு செட் துணி கைப்பையில இருக்கட்டும், பெட்டி வழிதவறிப் போனா பிள்ளை தவிக்காது. மாத்திரைன்னா டாக்டர் சீட்டோட." கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "சொந்தமோ பந்தமோ, யார் குடுத்தாலும் ஒட்டின பொட்டலத்தை வாங்காதீங்க. அங்க திறந்து பாத்து, இது உன்னுதான்னு கேட்டா, மாமா குடுத்தாரு, சித்தி குடுத்தாங்கன்னு சொன்னா விட மாட்டாங்க. மாட்டுறது பிள்ளைதான்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சுருட்டி வைத்த துணிகளுக்கு நடுவே பழுப்பு டேப் சுற்றிய பொட்டலம் ஒன்று, அழையாத விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா இது?"

"என் பையனுக்கு ரெண்டு சட்டை, அண்ணி. இவங்க போற ஊர்லதானே இருக்கான், வந்து வாங்கிக்குவான்." மறுபடியும் சிரிப்பு.

எடுத்து அசைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ கலகலத்தது.

"சட்டை சத்தம் போடுமா?"

"பட்டனா இருக்கும்."

"நான் பட்டனோடயே குடித்தனம் பண்றவ. பட்டன் இப்படிப் பேசாது. ஏன், கூரியர்ல போட்டா என்ன?"

நாத்தனாரின் சிரிப்பு சட்டென்று காணாமல் போனது.

"அம்மா, அத்தையைப் போய்..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"நீ வாயை மூடு. சார் சொன்னது உன் காதுல விழலியா?"

"இது வீடு அண்ணி, உங்க கம்பெனி கேட் இல்ல. என் பொண்ணு கல்யாணத்துல மண்டப வாசல்ல நின்னுக்கிட்டு, போறவங்க பையை எல்லாம் தடவிப் பாத்தீங்களே, அன்னைக்கே என் மானம் போச்சு!"

"அது பழக்கதோஷம். கை தானாப் போயிடுச்சு. இது அப்படி இல்ல. பிரிக்கணும், இல்லன்னா போகாது."

"பிரிச்சீங்கன்னா இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காட்டி போ. என் பொண்ணு திரும்பி வந்து இந்த வாசப்படியை மிதிக்கணும். எனக்கு அதுதான் வேணும்!"

கத்தரிக்கோல் டேப்பைக் கிழித்தது.

முதலில் வந்தது பூப்போட்ட ஒரு சின்னஞ்சிறு போர்வை. பிறகு விரல் நீளத்தில் சாக்ஸ். பிறகு நாடா வைத்த குட்டிச் சட்டைகள். மூன்று பெண்களும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாத்தனார் கட்டிலில் சரிந்து உட்கார்ந்தாள். "எனக்குப் பேரன் பொறந்திருக்கான் அண்ணி. என் பையன் அங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டான். எங்கிட்ட மட்டும்தான் சொன்னான். அவருக்குத் தெரிஞ்சா, மகனே இல்லைன்னு தலைமுழுகிடுவாரு. கூரியர்காரன் வீட்டுக்குப் போன் போடுவான், போனை எடுக்கிறது அவரு..."

"அடிப்பாவி! எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்ட சொன்னா அண்ணனுக்குப் போகும். அண்ணனுக்கு ஓட்டை வாய்."

அழுகைக்கு நடுவே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார்கள். இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எக்ஸ்ரே அக்காவே அந்தக் குட்டித் துணிகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். கடைசியில் கையில் வந்தது ஒரு மரக் கிலுகிலுப்பை. அதன் வயிற்றைச் சுற்றி மெல்லிய கோடு. அவள் கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேல் நின்றது. பசை. அதுவும் புதுப் பசை.

"இது?"

"அவன் குழந்தையில ஆட்டினது. எடுக்கும்போது கீழ விழுந்து ரெண்டாப் போச்சு. நான்தான் ஒட்டினேன்."

"ஒட்டும்போது உள்ள என்ன போட்டே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் வார்த்தை போய்விட்டது.

நாத்தனாரின் கண்ணீர் நின்றது. "சிதறின மணியைப் பொறுக்கிப் போட்டேன். நம்பிக்கை இல்லன்னா உடைச்சுப் பாருங்க அண்ணி."

உடைக்க மனம் வரவில்லை. பெட்டியில் வைக்கவும் வரவில்லை. தெரியாத தேசத்தில் ஒரு மேஜை; திறந்து கிடக்கும் பெட்டி; இதே கோட்டின் மேல் இன்னொருத்தியின் கட்டைவிரல்; எதிரே வியர்த்து நிற்கும் தன் மகள். அந்த இன்னொருத்திக்கு இதைக் கொடுத்தவள் நாத்தனார் இல்லையே!

"துணியெல்லாம் போகட்டும்மா. இது மட்டும் வேண்டாம்."

நாத்தனார் கிலுகிலுப்பையை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அத்தை, பாப்பாவைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புறேன்" என்றபடி மகள் வாசல்வரை ஓடினாள்.

"உங்கம்மா பாத்து முடிச்ச பிறகு அனுப்பும்மா."

செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். படிக்குப் படி கைப்பைக்குள் அது கலகலத்துக்கொண்டே போனது. மணியா, வேறு ஏதாவதா என்று எக்ஸ்ரே அக்காவின் காது அப்போதும் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. தன் காதின் மேலேயே வெறுப்பு வந்தது அவளுக்கு. கதவைச் சாத்தினாள்.