கொள்ளைக்காரனாக நடித்த என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பியோ கில்ரியோங்குக்குத் தொழில் சிப்பி வளர்ப்பது. முழுநேர வேலை பொறாமைப்படுவது. எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்பட அவருக்கு நேரமில்லை. ஒரே ஒரு ஆளுக்கு மொத்தத்தையும் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஆள் எங்கள் ஊர்த்தலைவர் மெங் சாங்ஹோ. இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள். ஒரே வகுப்பு, ஒரே படகுத்துறை.

சாங்ஹோ வகுப்புத் தலைவன் ஆனான், இவருக்கு வயிறு எரிந்தது. புதுப் படகு வாங்கினான், எரிந்தது. ஊர்த்தலைவராகி, தினமும் காலையில் ஒலிபெருக்கியில் "ஆ, ஆ, கேக்குதா?" என்று தொண்டையைச் செருமும்போதெல்லாம் இவர் சோற்றுக் கிண்ணத்தை ணங்கென்று வைப்பார். ஆனால் அடியாழத்தில் எரிந்த நெருப்பு வேறு. அந்த நெருப்பு நான்.

கல்யாணத்துக்கு முன் என்னை முதலில் பெண் பார்த்தது சாங்ஹோதான். தோங்யோங் டவுனில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். அவன் தன் பெருமையையே பேசிக்கொண்டிருந்தான். எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் யார் வேண்டாமென்றது என்று தரகுக்காரி வாயைத் திறக்கமாட்டாள். "பொருத்தம் சரியில்லையாம்" என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றுவாள். அந்த மறைவில் சாங்ஹோ, தான்தான் வேண்டாமென்றதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். என் வீட்டுக்காரர் அதை நம்பினார். அவன் கழித்துப் போட்டதைத் தான் பொறுக்கிக்கொண்டதாக முப்பது வருடம் மனசுக்குள் புழுங்கினார். நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும், "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற" என்பார். என்ன செய்வது இந்த மனுஷனை!

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் விரிகுடாவுக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். அரசர் காலத்துக் கடற்கொள்ளைக்காரர்கள் பற்றிய சிரிப்புப் படம். ஊர் ஆண்களுக்கெல்லாம் கொண்டை வைத்த பொய்முடி மாட்டி, பல்லில் கரி பூசிக் கப்பலில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரருக்குக் கடலில் விழும் வேலை. சாங்ஹோவுக்கு வசனமே கொடுத்துவிட்டார்கள். "தலைவரே, சோறு தீர்ந்துபோச்சு!"

படம் வந்தது. ஊர் வாசலில் துணிப் பதாகை கட்டினார்கள்: 'வாழ்த்துகள்! மெங் சாங்ஹோ, திரைப்படத்தில் நடிப்பு!' பிள்ளைகள் அரசு வேலைப் பரீட்சையில் தேறினால் கட்டும் அதே இடத்தில். என் வீட்டுக்காரர் கடலில் விழுந்ததை வெட்டிவிட்டார்கள், படத்தில் அவர் பிடரி மட்டும் ஒரு நொடி வந்து போனது. அதுவும் அவர் பிடரிதானா என்று எனக்கே சந்தேகம். சாங்ஹோ இரண்டு மாதம் ஒலிபெருக்கியில் உரம் வந்த செய்தியைக்கூட "சோறு தீர்ந்துபோச்சு" என்ற தோரணையிலேயே சொன்னான்.

பிறகு டிவிடி வருகிறது என்று தெரிந்தது. இவர் படக்கம்பெனிக்குப் போன் போட்டார். வெட்டிய காட்சிகளும் அதில் உண்டு, கடலில் விழுவதும் இருக்கும் என்று யாரோ ஒரு பையன் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். டிவிடித் தட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே டவுனுக்குப் போய்ப் பதாகை அச்சடித்து வந்துவிட்டார்: 'வாழ்த்துகள்! பியோ கில்ரியோங், வெட்டிய காட்சியில் நடிப்பு!'

"முதல்ல போட்டுப் பாருங்க, அப்புறம் கட்டலாம்" என்றேன்.

"உனக்கு நான் முன்னுக்கு வர்றது பிடிக்கலை" என்றார். கட்டியும் விட்டார், சாங்ஹோ பதாகையைவிட ஒரு சாண் உயரத்தில்.

காற்று எச்சரிக்கை விட்டு, படகுகளெல்லாம் கட்டிக் கிடந்த ஒரு மதியம் ஊர்க்கூடத்தில் எல்லாரும் கூடினோம். நான் சிப்பி அடை சுட்டேன், மக்கொல்லிக் கள் குடம் குடமாக வந்தது. சாங்ஹோ முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி குக்ஜா பக்கத்தில்.

வெட்டிய காட்சி வந்தது. கப்பல் ஆடியது, யாரோ கத்தினார்கள், ஒரு ஜோடிக் கால் வானத்தைப் பார்த்தது, தண்ணீர் தெறித்தது. முடிந்தது.

"ஏம்ப்பா கில்ரியோங், உன் உள்ளங்கால் ரொம்ப லட்சணமா இருக்குடா!" என்று சாங்ஹோ தொடையைத் தட்டிச் சிரித்தான். "பதாகையில முகத்துக்குப் பதிலா குதிங்காலைப் போட்டிருக்கலாம்!"

கூடமே சிரித்தது. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. ஐயோ என்றிருந்தது எனக்கு. அந்த சாங்ஹோவின் வாயில் சூடான அடையைத் திணிக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது.

தட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து, படம் எடுத்த இடத்துக் காட்சிகள். சாப்பாட்டு நேரம். கரிப்பல்லும் கொண்டையுமாக சாங்ஹோ கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொடுத்த நெத்திலி வறுவலை என் வீட்டுக்காரர் டப்பாவிலிருந்து தின்றுகொண்டிருந்தான்.

கேமரா பிடித்த பெண் கேட்டாள்: "அண்ணே, நீங்க கொள்ளைக்காரர் ஆச்சே. ஒண்ணே ஒண்ணைக் கொள்ளையடிக்கலாம்னா எதை எடுப்பீங்க?"

கூடத்திலிருந்த சாங்ஹோ துள்ளி எழுந்தான். "நிறுத்துங்க! ரிமோட் எங்க?" ரிமோட்டின் மேல் குக்ஜா உட்கார்ந்திருந்தாள். அவள் அசையவில்லை.

திரையில் இருந்த சாங்ஹோ நெத்திலியை மென்றபடி சொன்னான்: "இதைச் சமைச்சவளை. முதல்ல நான்தான் பெண் பார்த்தேன். ஆறின காபியைக்கூட முடிக்கல, வேண்டாம்னுட்டா. போய் அதோ அவனைக் கட்டிக்கிட்டா. இன்னிக்கு வரைக்கும் வயிறு எரியுதும்மா."

கேமரா அவன் கை காட்டிய பக்கம் திரும்பியது. திரை முழுக்க என் வீட்டுக்காரர் முகம். வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்.

குக்ஜாதான் முதலில் பேசினாள். "நல்லாருக்கு! நாளைக்குக் காலையில மைக்குல இதையும் சொல்லுங்க தலைவரே!" ரிமோட்டை அவன் மடியில் எறிந்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனாள். சாங்ஹோ அவள் பின்னாலேயே ஓடினான்.

எல்லாரும் என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார்கள். முப்பது வருடம் ஏங்கியது கிடைத்துவிட்டது, ஜெயித்தது அவர்தான். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். மனுஷன் எதிர்க்காற்றிலும் சாரலிலும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார். "நெத்திலியில நீ என்ன போட்ட?"

"எப்பவும் போடறதுதான்."

"அவன் டப்பாவையே காலி பண்ணினான். இத்தனை வருஷமா உன்னையே நினைச்சிட்டிருந்திருக்கான். உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஈரச் சட்டையோடு நின்றார். குரல் இறங்கிவிட்டது. "அவனையே கட்டியிருக்கலாம்னு நீ எப்பவாவது நினைச்சதுண்டா, போக்சூன்?"

இல்லை என்பதுதான் நிஜம். இதுவரை எத்தனை முறை கேட்டிருப்பார், வாயை மூடுவதற்குள் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. ஊர் கேட்க என்னை வேண்டுமென்று சொன்னவன் வேறொருத்தன். என்னைக் கட்டியவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருந்தபோதும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தேன்.

"நினைச்சதில்லை. இப்பத்தான் முதல் தடவையா யோசிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

அன்றைக்குப் பாத்திரத்தையெல்லாம் அவர்தான் கழுவினார்.