ஹெலி வந்தபோது பந்து யாரிடம்?

இன்று முகநூலில், ஒரு கூடைப்பந்துக் காணொளியின் கீழே பந்து யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்று பெரிய சண்டை. வாசித்ததும் எனக்குப் பழைய ஆட்டமொன்று நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்கு நான் நடுவர்.

இரண்டு பேர் ஒரே பந்தைப் பிடித்து இழுத்தார்கள். யாருடைய பிடி உறுதி என்று குனிந்து பார்க்கிறேன், கடல் பக்கமிருந்து இராணுவ ஹெலிகொப்டரின் சத்தம்.

பயத்தில் வாயிலிருந்த விசில் தானாக ஊதிவிட்டது.

விசில் கேட்டால் அசையக்கூடாது என்று பழக்கியவனே நான். ஓட வேண்டிய அத்தனை பேரும் வெட்டவெளியில் நின்று என் கையைப் பார்த்தார்கள்.

"அண்ணை, ஆரின்ரை பந்து?"

"ஓடுங்கோடா!"

மைதான ஓரத்துப் பதுங்குகுழியான பங்கருக்குள் பாய்ந்த பிறகும் இருவரும் பந்தை விடவில்லை. ஹெலி தலைக்கு மேலே சுற்றியது.

"அண்ணை, நீங்கள் இன்னும் சொல்லேல்லை" என்றான் ஒருவன், பந்தை இன்னும் இறுக்கி.

பந்து யாரிடம் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு என் மூச்சே என்னிடம் இருக்கவில்லை.