சர்ச் வாசலில் கொதித்த கார்

பழைய கார்களில் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சுகளைப் பார்க்க வந்தவர்களின் கார் ஒன்று, இன்று வெயிலில் எங்கள் சர்ச் வாசலில் கொதித்து நின்றது. அந்தச் சூட்டு வாடை பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு ஏழு வயதில் நடந்தது அது. கைக்குழந்தையாயிருந்த தம்பியின் ஞானஸ்நானத்துக்காக அம்மா கீழே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, குடத்தோடு மேடேறி வந்தாள். பாதிரியாரை ஏற்றிவந்த துரையின் காரும் இப்படித்தான் புகைந்தது.

“குடத்தக் குடு புள்ள, தொர காருக்கு ஊத்தணும்!” என்று கங்காணி பிடுங்கி, மொத்தத்தையும் ஊற்றினார்.

அம்மா மறுபடி இறங்கி ஏறுவதற்குள் பூசை முடிந்து, பாதிரியார் அதே காரில் போய்விட்டார். அவர் மாதம் ஒருமுறைதான் வருவார். அடுத்து அவர் வருவதற்குள் தம்பி காய்ச்சலில் செத்தான். ஞானஸ்நானம் பெறாதவன் என்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்தார்கள்.

“அம்மா, காருக்குக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க?” என்று என்னிடம் கேட்டார் இன்று வந்த காரின் டிரைவர்.

“பீலி கீழதான் இருக்கு. கார்ல வந்தவங்கள எறங்கிப் போயி தூக்கிட்டு வரச் சொல்லுங்க.”