கால்வாய்க்குக் கட்டிய பணம்

எனக்கு ஊர் விவகாரம் புரியாது என்று என் தம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான். இருக்கட்டும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்குள் வருகிறது என்பது எனக்கு நன்றாகவே புரியும்.

பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில், மாதா கோயிலை ஒட்டி இருக்கிறது எங்கள் காலனி. வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். தெருக்கோடியில் இருந்த காலி நிலத்தில் லாரி லாரியாகச் சவுடு மண் கொட்டி, எங்கள் ஜன்னல் உயரத்துக்கு மேடாக்கி, அதன்மேல் அடுக்குமாடி எழுப்பினார்கள். அதுவரை அந்த நிலத்தில் போய் நின்ற மழைத்தண்ணீருக்கு ஒரு கால்வாய் வெட்டித் தந்தார்களா? இல்லை. அது நேராக என் முன்னறைக்கு வந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும் கிரைண்டர் மோட்டார் புகையும், அரிசி மூட்டை ஊறும், நான் கட்டில்மேல் உட்கார்ந்து அந்த பில்டரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சேலம், மதுரை, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். என் மாவை வாங்குவதே அவர்கள்தான்.

போன வருஷம் எங்கள் நகராட்சி ஒரு தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். புதிதாகக் கட்டடம் எழுப்புகிறவர்கள், அதனால் கூடுகிற சாலை, கால்வாய், குடிநீர்ச் செலவில் ஒரு பங்கை அனுமதி வாங்கும்போதே கட்டிவிட வேண்டும். உள்கட்டமைப்புக் கட்டணம் என்று பெயர். ஆட்சேபணை இருந்தால் பகுதி சபைக் கூட்டத்தில் வந்து சொல்லலாம். கேட்டவுடன் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பில்டருக்கு அப்படி இல்லை. அடுத்த கட்டடத்துக்கு அவன் ஏற்கெனவே மண் கொட்ட ஆரம்பித்திருந்தான். அவனுடைய மேனேஜர் வீடு வீடாக வந்தார். "நாளைக்கு உங்க பையன் மாடி எடுத்தாலும் கட்டணும்மா. எல்லாரும் வந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். கூட்டம் முடிந்ததும் பிரியாணி என்றும் சொல்லிவிட்டுப் போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற என் தெரு, அந்தத் தண்ணீரை அனுப்பியவனுக்காகப் பேசக் கிளம்பியது.

என் தம்பி அந்த பில்டருக்குத்தான் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். கூட்டத்துக்கு முதல் நாளே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"யக்கா, நீ கூட்டத்துக்கு வராத. வந்தாலும் வாயத் தொறக்காத. அவன் வேல நின்னா என் வண்டி நின்னுடும்."

"என் ஊட்ல தண்ணி பூந்தா உன் லாரில ஏறி குந்திகினு மாவு ஆட்டட்டுமா?"

"இன்னாக்கா நீ, நான் இன்னா சொல்றேன், நீ இன்னா பேசற? என் பொழப்புல மண்ணப் போடாத."

"மண்ணப் போட்டது நான் இல்லடா. அவன்."

அவன் காபியைக் குடிக்காமல் போய்விட்டான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா?

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேனேஜர் எழுந்து, கட்டணம் போட்டால் வீட்டு விலை ஏறும், கடைசியில் ஏழைதான் பாதிக்கப்படுவான் என்று உருக்கமாகப் பேசினார். என் தெரு கை தட்டியது. நான் எழுந்தேன்.

"தண்ணி போற எடத்த மூடனவங்க கால்வாய்க்குக் கட்டட்டும். ஊட்டுக்குன்னு ஒரு ரூம் போடறவங்கள உட்ருங்க. யாவாரம் பண்றவங்க கட்டட்டும்."

"உக்காரு யக்கா" என்று பின்னாலிருந்து தம்பி குரல் கேட்டது. நான் உட்காரவில்லை.

அப்போது அடுக்குமாடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். என்னிடம் தினமும் மாவு வாங்குகிறவள், திருநெல்வேலிக்காரி. மேனேஜரைப் பார்த்து, "வீடு வாங்கும்போது கால்வாய்க்கும் ரோட்டுக்கும்னு எங்ககிட்ட தனியா வாங்குனீங்கல்லா? அது எங்க சார் போச்சு?" என்று கேட்டாள். மேனேஜர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குப் பிரியாணி வரவே இல்லை. தெருவில் பாதிப் பேர் அந்தப் பழியையும் என்மேல் போட்டார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. என்னால் என்று சொல்ல மாட்டேன். எங்கேயோ முன்பே முடிவாகியிருக்கும். குடியிருக்கும் சின்ன வீடுகளுக்கு விலக்கு, வணிகத்துக்குக் கிடையாது என்றார்கள். நான் கேட்டபடியே வந்திருக்கிறதே என்று பூரித்துப் போனேன்.

அந்தப் பூரிப்பு கொஞ்ச நாள்தான். மழைக்கு முன் கிரைண்டர்களை மேலே ஏற்றிவிடலாம் என்று மொட்டைமாடியில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டேன். அளக்க வந்த அதிகாரி முன்னறையை எட்டிப் பார்த்தார்.

"மாவுக் கடையாம்மா? அப்போ இது வணிகம். கட்டணம் உண்டு."

தெரு சிரித்த சிரிப்பு மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். தம்பி வாசலில் நின்று, "நீதான கேட்ட? வாங்கிக்கோ" என்றான். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"கட்டுவேன்டா. கட்டிட்டு கேப்பேன்" என்றேன்.

அறைக்கு டைல்ஸ் வேண்டாம், சிமெண்டுத் தரையே போதும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினேன். எங்கள் தெருவில் அந்தக் கட்டணத்தைக் கட்டிய முதல் ஆள் நான்தான். பில்டர் கட்ட முடியாது என்று கோர்ட்டுக்குப் போய்விட்டான்.

அதிலிருந்து, கால்வாய் எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்க, திங்கட்கிழமை தவறாமல் நகராட்சிக்குப் போகிறேன். அது மனு கொடுக்கும் நாள். நிதி சேரட்டும் என்பார்கள், டெண்டர் விடணும் என்பார்கள், இன்ஜினியர் லீவு என்பார்கள். நான் ரசீதை எடுத்து நீட்டுவேன். என் தலை வாசலில் தெரிந்தாலே அங்கே ஒருவர் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார். போகட்டும், திரும்பி வந்துதானே ஆக வேண்டும்.

போன வாரம் அந்த அளந்த அதிகாரியே எதிரில் உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல மனிதர், அலுத்துப் போயிருந்தார்.

"ஏம்மா, ரூம் கட்டி முடிச்சாச்சு, கிரைண்டர் எல்லாம் மேல ஏத்தியாச்சு. இனிமே தண்ணி வந்தா உங்களுக்கு இன்னாம்மா?"

"நான் மேல ஏறிட்டேன் சார்" என்றேன். "தெரு இன்னும் கீழதான் கீது."